வேலைமெனக்கெட்டு அரிசி கேட்டுப் போனவர்கள்

பிறருக்காக வாசலில் நின்று கேட்பது சம்பளமும் விடுமுறையும் இல்லாத தொழில். சபைக்காகவோ பஜனை மடத்துக்காகவோ வீடு வீடாக ஏறி இறங்கிய எவருக்கும் நான் சொல்லப்போவது புரியும்.

யுத்தத்தால் பர்மா அரிசி நின்றுபோன காலம். திருவனந்தபுரத்தில் பாதி வீடுகளில் மரச்சீனிக் கிழங்குதான் சோறு. எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் பிடியரிசி வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டுவைப்பார்கள். சனிக்கிழமை யாராவது போய் அதை வாங்கி வந்து இல்லாத வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும். ஐப்பசி பிறந்து துலா மழை தொடங்கிய அந்த வருடம், அந்த 'யாராவது' சர்க்கார் குமாஸ்தாவான நானும் தபால்கார ஞானமுத்துவும் ஆனோம். மெத்தை உறை தைத்து மிஞ்சிய, நீலக் கோடு போட்ட துணியில் என் மனைவி எங்களுக்கு இரண்டு பைகள் தைத்துக் கொடுத்தாள்.

யாருடைய கை

முதல் வீடு ஓய்வு பெற்ற தாசில்தாருடையது. டப்பாவைக் கவிழ்த்தால் பையின் அடியை மறைக்கக்கூட அரிசி விழவில்லை. இவ்வளவு பெரிய வீட்டிலும் உலை வைக்கவில்லையோ, கேட்கலாமா, கேட்டால் புண்படுவார்களோ என்று நான் குழம்பிக்கொண்டிருக்க, ஞானமுத்து பட்டென்று கேட்டுவிட்டான். தாசில்தாரின் மனைவி இடுப்பிலிருந்த பேத்தியின் கையை விரித்துக் காட்டினார். பல்லே இப்போதுதான் முளைத்திருந்த குழந்தை.

"இவதான் போடுவா. ஒரு பிடின்னுதானே போதகர் சொன்னாரு, யாரு பிடின்னு சொல்லலியே."

நிறைந்த டப்பா

கடைசி வீடு எஸ்தருடையது. கணவன் இறந்த பின் ஆப்பம் சுட்டு விற்று மகளை வளர்த்து வந்தவள். அரிசி அரிதானதும் அந்த வியாபாரம் நின்றது. உண்மையில் அரிசி கொடுக்க வேண்டிய வீடுகளில் அதுதான் முதல் வீடு. ஆனால் நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே டப்பாவைக் கொண்டுவந்து பையில் கவிழ்த்துவிட்டாள். தாசில்தார் வீட்டைவிடப் பல மடங்கு அரிசி. உள்ளே கிழங்கு வேகும் மணம். கதவோரம் நின்ற மகளின் தோள் எலும்பு தெரிந்தது.

வாங்கினால் பசித்த வீட்டிலிருந்து எடுக்கிறேன். மறுத்தால், கொடுக்க உனக்குத் தகுதியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறேன். வாங்கிக்கொண்டேன். தெருமுனை திரும்பியதும் ஞானமுத்து சொன்னான்:

"எப்பிடியாவது இந்த வீட்டுக்கு அரிசி போயாகணும், அண்ணாச்சி. ஆனா நாம குடுத்தோம்னு தெரியப்படாது."

பாட்டு எங்கே?

அடுத்த சனிக்கிழமை காலை, எஸ்தருக்கென்று சாலைக் கடைத்தெருவில் கொஞ்சம் நல்ல அரிசி கிடைக்குமா என்று பார்க்கப் புறப்பட்டேன். கிழக்கேகோட்டை அக்கிரகாரத் தெருவில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டு இறவாணத்தின் கீழ் ஒதுங்கினேன். நெற்றியில் நாமமோ திருநீறோ இல்லாததை மழை அழித்துவிட்டது என்றே யாரும் நினைப்பார்கள். தோளில் பை தொங்கியது. உள்ளேயிருந்து வந்த மாமி ஒரு கிண்ணம் பச்சரிசியைப் பையில் கொட்டிவிட்டுக் கைகட்டி நின்றார். வீடு வீடாகப் பாடி அரிசி வாங்கும் உஞ்சவிருத்திப் பாகவதர் என்று நினைத்துவிட்டார். அரிசி போட்டாச்சு, பாட்டைக் காணுமே என்று கேட்டார்.

பாடினால் ஏமாற்று, பாடாமல் போனால் அதைவிடப் பெரிய ஏமாற்று. கடைசியில் எங்கள் கீர்த்தனை ஒன்றை எனக்குத் தெரிந்த ஆனந்தபைரவியில் பாடி முடித்தேன். பிறகு, நான் பாகவதர் இல்லை, இது எங்கள் வேதக்கோயிலில் ஏழைகளுக்குச் சேர்க்கும் அரிசி, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று பையை நீட்டினேன். மாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பசிக்கிறவாளுக்குத்தானே போறது? கொண்டுபோங்கோ. சரணத்தை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா இழுத்துட்டேள்."

ஒரே பைக்கு இருவர்

அந்தப் பச்சரிசியோடு எங்கள் இரண்டு வீட்டு அரிசியையும் சேர்த்து கோடு போட்ட பை ஒன்றில் கட்டினோம். ஞாயிறு விடிந்ததும் எஸ்தர் வீட்டுக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டு ஓடிவந்தோம். ஐம்பது தாண்டிய பிறகு நான் ஓடியது அன்றுதான். ஆராதனைக்கு மணி அடித்தபோது எஸ்தர் அதே பையோடு வந்தாள். யாரோ தவறவிட்டிருக்கிறார்கள் என்று போதகரிடம் கொடுத்தாள். அவர் சபையைக் கேட்டார். யாரும் எழவில்லை. அன்று அறுப்புப் பண்டிகை. பூசணி, வாழைக்குலை, சேவல் ஆகிய காணிக்கைகளோடு பையையும் வைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு விட்டார்கள்.

அதை மீட்டு எப்படியும் அவளிடமே சேர்த்துவிட வேண்டுமென்று நான் ஏலம் கேட்டேன். தூணுக்கு அந்தப் பக்கம் யாரோ கூட்டிக் கேட்டார்கள். நான் இன்னும் கூட்டினேன். சேவல் போட்ட கூச்சலில் அது ஞானமுத்துவின் குரல் என்று எனக்குத் தெரியவில்லை, இது என் குரல் என்று அவனுக்கும் தெரியவில்லை. ஏலம் கூறிய சபை மூப்பர் நிறுத்திவிட்டு இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

"ஊரெல்லாம் சோடியாப் போயி அரிசி வாங்குதியோ, இங்க வந்து ஒரு பைக்கு அடிச்சுக்கிடுதியோ. என்னவே சங்கதி?"

அசனப் பந்தி

சபை சிரித்து ஓய்ந்ததும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனம். எஸ்தர் குழம்பு வாளியோடு வந்து எங்கள் இலைகளுக்கு முன் நின்றாள். இருவருமாகப் பணம் போட்டு ஏலத்தில் எடுத்த பை எனக்கும் ஞானமுத்துவுக்கும் நடுவில் இருந்தது. மன்னிப்புக் கேட்பதா, தெரியாததுபோல் இருப்பதா என்று நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை, குறும்புதான் இருந்தது.

"அரிசி வாங்க என் முன்னால விரிச்ச பை எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? போதகர் கேக்கும்போதாவது எந்திரிப்பியோன்னு பாத்தேன், ரெண்டு பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டியோ. கதவத் தட்டித் தந்திருந்தா வாங்கியிருப்பேன். பிள்ளை பசிக்கு முன்னால எனக்கு என்ன ரோசம்? என் ஒரு பிடிய மட்டும் வேண்டாம்னு சொல்லிராதீங்க."

பையை எடுத்து நேராக அவள் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை அவள் வாசலில் ஆப்பம் மணத்தது. வாங்குவதற்கு ஊரிலுள்ள எல்லாக் கதவையும் தட்டிய நாங்கள், கொடுப்பதற்கு ஒரு கதவைத் தட்டக் கற்றுக்கொள்ள ஒரு ஏலமும் ஒரு சேவலும் வேண்டியிருந்தது.