கப்பலேறாத ஓலை

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள் என்றால் இப்போது பலர் நம்புவதில்லை. கொஞ்ச மாதம்தான் ஓடியது. அதற்குள் எங்கள் அப்பா, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அதில் போய்வந்துவிட்டார். சும்மா இல்லை, கறம்பக்குடியில் எங்கள் தோப்பில் வெட்டிய பச்சைத் தென்னை ஓலைக்கட்டோடு ஏறப் பார்த்தார்.

அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, இலங்கையில் இருந்தாள். தேயிலைத் தோட்ட வேலையை விட்டு எங்கள் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது அப்பா சின்னப் பையன். அத்தைக்குக் கல்யாணமாகியிருந்ததால் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த அவளுடைய ஒரே மகள் இந்தக் கப்பல் ஓடிய சமயத்தில் வயதுக்கு வந்திருந்தாள். தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டி உட்காரவைத்தால்தான் சடங்கு என்று அத்தை ஒரே பிடியாக நின்றாள். பாவம், எங்களுக்கு விசா வரும்வரை அத்தை மகளான அந்த அக்கா காத்துக்கிடந்தாள்.

பஸ்ஸில் கண்டக்டர், “என்னங்க, பந்தல்காரரா?” என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. அப்பாவோ ஓலை வாடாமல் தண்ணீர் தெளிப்பதிலேயே குறியாக இருந்தார்.

துறைமுகத்தில் சீர்த்தட்டு, பட்டுப்பாவாடை எல்லாம் சோதனையைத் தாண்டிவிட்டன. ஓலையில் வந்து நின்றது.

“பச்சையா எதுவும் கொண்டு போகக் கூடாதுங்க. அங்க தென்ன மரமா இல்ல?” என்றார் அதிகாரி.

“இருக்கும்ங்க. ஆனா அது தாய்மாமன் வீட்டு ஓலையாகாதுங்களே” என்றார் அப்பா.

அதிகாரி சிரிக்கவில்லை, விடவும் இல்லை. அப்பா ஓலையைச் சுவரோரம் போட்டார். அதைக் கட்டியிருந்த எங்கள் வீட்டுக் கயிற்றை மட்டும் அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். கப்பலில் நான் கடலைப் பார்த்து ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

கொழும்புக்கு வெளியே இருந்த அத்தை வீட்டில், பக்கத்து வீட்டுச் சிங்களக்காரர் தன் மரத்திலேயே ஓலை வெட்டிக் கொடுத்தார். அப்பா அதை முடைந்து, எங்கள் கயிற்றால் இழுத்துக் கட்டி, முற்றத்தில் குடிசையை நிறுத்தினார். அத்தை மகள் அக்காவைக் குடிசைக்கு அழைத்து வரப் போகும் நேரம். அத்தை மெதுவாக அருகில் வந்தாள்.

“தம்பி, நா ஒருக்கா உள்ள உக்காந்து பாக்கட்டுமா?”

“உக்காருக்கா.”

நரைத்த தலையோடு அத்தை குனிந்து உள்ளே போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே கட்டிய முடிச்சையே மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

அத்தை வயதுக்கு வந்தபோது அவளுடைய தாய்மாமன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போயிருந்தார் என்றும், அவளுக்குக் குடிசை கட்ட ஆளில்லை என்றும், நான் வயதுக்கு வந்து எனக்கு என் மாமன் குடிசை கட்டிய அன்றைக்குத்தான் அப்பா சொன்னார். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கப்பலும் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

அத்தை வீட்டு முற்றத்தில் அன்றைக்கு வெயில் கொளுத்தியது. உள்ளே நல்ல நிழல் போலிருக்கிறது, அதுதான் அத்தை எழுந்து வர மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.