எல்லோருக்கும் பின்னால் ஒரு ரிப்பேர்

வலது குதிகாலால் ஒரே ஒரு தட்டு. பெடலைப் பின்பக்கமாக அரைச் சுற்று. சங்கிலி பல்சக்கரத்திலிருந்து நழுவித் தொங்குகிறது. "அடடா, மறுபடியுமா" என்று அலுத்துக்கொண்டே, 'கடைசிப் பெட்டி' என்று எல்லோரும் கூப்பிடும் பெரியவர் சைக்கிளை ஓரங்கட்டுகிறார். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. அவருக்குப் பத்தடி முன்னால், முகம் சிவந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்த வங்கி மேனேஜர் சட்டென்று குதித்து இறங்கித் திரும்பி வருகிறார். இடுப்பில் கைவைத்து நின்றபடி அறிவுரையை ஆரம்பிக்கிறார்.

"எண்ணெய் போடணும் சார். வண்டியை யாராவது இப்படி வச்சுக்குவாங்களா?"

கடைசிப் பெட்டி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொள்கிறார். சங்கிலியை மாட்ட அவருக்கு இருபது வினாடி போதும். ஆனால் மேனேஜரின் மூச்சு இன்னும் இறங்கவில்லையே. அதனால் ஸ்பானரைத் தேடுகிறார். கிடைத்த ஸ்பானர் சரியில்லை என்று வேறொன்றைத் தேடுகிறார். எண்ணெய், கிரீஸ், சோம்பேறித்தனம் ஆகிய மூன்றைப் பற்றியும் மேனேஜர் சொல்லி முடிப்பதற்கும் அவர் மூச்சு சீராவதற்கும் சரியாக இருக்கிறது. ஓர் ஏழைக்கு உதவி செய்த நிறைவோடு மேனேஜர் சைக்கிளில் ஏறுகிறார். அடுத்த ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறிவிடுகிறார்.

முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டிய மனிதருக்கு, சுற்றுலா வந்தவர்கள் ரயிலிலிருந்து பெயர் எடுத்துச் சூட்டியிருக்கிறார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். ஆனாலும் பெயருக்குக் காரணம் இருக்கிறது. நாலு நாள் சைக்கிள் சுற்றுலா அது. பழைய அரசர்கள் வெட்டிய மூன்று நீர்த்தேக்கங்கள், அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் இரண்டு ஆறுகள், இடையில் இடிந்த கோட்டை ஒன்று, பாதி இடிந்த அரண்மனை ஒன்று. கரையோடு போகும் பாதையின் இரு முனையிலும் இரும்புத் தூண் நட்டு மோட்டார் வண்டிகள் நுழைய முடியாதபடி செய்திருக்கிறார்கள். முன்னால் போவது அவருடைய அண்ணன் மகள். சுற்றுலாவை நடத்துபவளும் அவள்தான். எந்த மதகை எந்த அரசர் கட்டினார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எல்லோருக்கும் பின்னால் போவது இவர். இவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது என்பதுதான் இவருடைய வேலை. வரலாறு கேட்பவர்களிடம் கையை விரித்துவிடுவார்.

"ராஜா பேரெல்லாம் முன்னாடி போற பொண்ணுகிட்ட கேளுங்க. எந்த மதகு பக்கத்துல நிழல் இருக்குன்னு வேணா நான் சொல்றேன்."

பஸ் அவரை விட்டாலும் அவர் பஸ்ஸை விட்டபாடில்லை. ஆளே இல்லாத வளைவில் கையை நீட்டி சைகை காட்டுவார். பின்னால் யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும் கைப்பிடியில் பக்கக் கண்ணாடி மாட்டியிருக்கிறார். புறப்படும் முன் "ஏறியாச்சா?" என்று கேட்காமல் பெடலில் கால் வைக்க மாட்டார், பக்கத்தில் இருப்பது ஒரே ஒருவராக இருந்தாலும். தங்கிய இடத்தைவிட்டுக் கிளம்பும்போது கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்து, கையுறை, கண்ணாடி, ஒற்றைக் காலுறை என்று எதையாவது எடுத்துக்கொண்டு வருவார். போன தடவை ஒரு பல்செட் கிடைத்தது. மூன்று நாள் சட்டைப்பையிலேயே பத்திரமாக வைத்திருந்து கடைசி நாள் சாப்பாட்டு மேசையில் உரியவரைக் கண்டுபிடித்தார். அதுவரை அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், பாவம்.

ஹாரன் மட்டும் ஆகாது. பாதையில் வாத்துக் கூட்டம் உட்கார்ந்திருந்தால் இறங்கி நின்று, அவையாக எழுந்து போகும்வரை காத்திருப்பார். முப்பத்தொரு வருடம் இரு காதிலும் இரைச்சலைத் திணித்துக்கொண்டிருந்தவர், தண்ணீர் கல்லில் மோதும் சத்தம் இன்னதென்று ஓய்வு பெற்ற பிறகுதான் கேட்டார். முதல்நாள் கரைமேல் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதுவிட்டதாக மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அந்தம்மா அதைக் கேட்டுவிட்டு, சட்டையில் கிரீஸ் எப்படி வந்தது என்று விசாரித்தார்.

கிரீஸ் கதை முதல் வருடத்திலேயே தொடங்கிவிட்டது. அப்போது அவர் நேர்மையான மனிதராக இருந்தார். யாராவது பின்தங்கினால் பக்கத்தில் நின்று, "மெதுவா வாங்க, அவசரமில்லை" என்பார். ஒரு தையற்கடைக்காரர் அப்படித்தான் பின்தங்கினார். நாலு தடவை நின்றார், நாலு தடவையும் இவர் கூடவே நின்றார். "எனக்காக நிக்காதீங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, இவர் இன்னும் அன்பாக நின்றார். அன்று மாலையே தையற்கடைக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் வேறொரு ஆள் திணறிக்கொண்டிருந்தபோது, இவருடைய சங்கிலி நிஜமாகவே கழன்றது. அந்த ஆள் உற்சாகமாக ஓடிவந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டார், தண்ணீர் கொடுத்தார், வீட்டுக் கதையெல்லாம் சொன்னார், நாலு நாளும் சிரித்துக்கொண்டே சுற்றிவிட்டுப் போனார். தனக்காக இன்னொருவர் நிற்பதைத்தான் மனிதர்களால் தாங்க முடிவதில்லை. இன்னொருவருக்காக நிற்பதென்றால் நாளெல்லாம் நிற்பார்கள். அன்றிலிருந்து கடைசிப் பெட்டி சங்கிலியைத் தளர்வாகவே வைத்துக்கொண்டார்.

வினை என்னவென்றால், சுற்றுலா முடிந்ததும் எல்லோரும் ஒரு அட்டையில் கருத்து எழுதிக் கொடுப்பார்கள். 'பின்னால் வரும் பெரியவருக்கு நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்' என்று ஒரே பருவத்தில் பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 'அவருடைய ஓட்டை வண்டியால்தான் தினமும் மதியச் சாப்பாட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன்' என்று மேனேஜர் எழுதியதுதான் அடிமடியில் கைவைத்தது.

அண்ணன் மகள் கெட்டவள் அல்ல. சித்தப்பாமேல் உயிரையே வைத்திருப்பவள். ஆனால் தாமதம் அவளுக்குப் பிடிக்காது. புது சைக்கிள் வாங்கித் தருவதாகவும், அதற்குப் பிறகும் தாமதம் ஆனால் கோளாறு வண்டியில் இல்லை வயதில்தான் என்று தான் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னாள். அப்படியானால் அவர் கடைசியில் வர வேண்டியதில்லை, பெட்டிகள் ஏற்றிவரும் வேனை ஓட்டினால் போதும். உட்கார்ந்தபடி செய்யும் வேலை, உடம்புக்கு நல்லது என்றாள். வேன் நெடுஞ்சாலை வழியாகப் போவது. லாரிகளுக்கு நடுவில், ஹாரன்களுக்கு நடுவில். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று மனைவி கேட்டார்.

"அவகிட்ட சொன்னா விளம்பரத்துல போட்டுருவா. மெதுவா ஓட்டுறவங்க கவலைப்பட வேண்டாம், எங்க சித்தப்பா நடிப்பாருன்னு. அப்புறம் எவன் நம்புவான்?"

புது சைக்கிள் வந்தது. கடைசிப் பெட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. சங்கிலியே கிடையாது. அதற்குப் பதில் ஒரு தடித்த ரப்பர் பட்டை. கியர் எல்லாம் அச்சுக்குள்ளே அடைத்து மூடியிருந்தது. டயரில் ஆணி ஏறினாலும் தானே அடைத்துக்கொள்ளுமாம். பத்து வருடத்துக்குக் கைவைக்கவே வேண்டாம் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். பத்து வருஷத்துக்கா என்று இவர் கேட்ட தொனி, அந்தக் கடைக்காரருக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்தச் சைக்கிளோடு போன முதல் சுற்றுலாவில், முன்னால் போக வேறொருவரை அனுப்பிவிட்டு அண்ணன் மகள் பின்னால் வந்தாள். தாமதம் எங்கே ஆகிறதென்று கண்ணால் பார்த்துவிட வேண்டுமாம். அவர்கள் இருவருக்கும் முன்னால் ஒரு பல் டாக்டரம்மா. ஐம்பதைத் தாண்டியவர், தங்கை வற்புறுத்தியதால் வந்தவர். தங்கையோ சிட்டாகப் பறந்து முன்னால் போய்விட்டாள். போகிற போக்கில், "முடியலைன்னா வேன்ல வந்துடு" என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். அடுத்தவர் பல்லைப் பார்த்தே பழகியவர் தன் பல்லை அப்படிக் கடிக்கலாமா என்று கடைசிப் பெட்டிக்குக் கவலையாக இருந்தது.

இரண்டாவது நீர்த்தேக்கத்தின் அடிவாரத்திலிருந்து கரைக்கு ஏறும் பாதைதான் நாலு நாளிலும் கடுமையானது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும். மதகு கிடையாது, மண்டபம் கிடையாது, நின்று பார்க்க ஒரு கொக்குகூட வராது. வலப்பக்கம் கல் சரிவு, இடப்பக்கம் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர், அவ்வளவுதான். முதல் வளைவிலேயே டாக்டரம்மாவின் சைக்கிள் கோணல்மாணலாகப் போக ஆரம்பித்தது. இரண்டாவது வளைவில் அவர் திரும்பாமலே, "நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் வந்துடுறேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. தையற்கடைக்காரரும் இதே மாதிரிதான் சொன்னார் என்பது கடைசிப் பெட்டிக்கு மறக்கவில்லை.

அவர் பழக்கதோஷத்தில் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினார். பட்டை அசையவில்லை. பிரேக்கை இரண்டு தடவை பிடித்து விட்டார், வெண்ணெயாக வேலை செய்தது. குனிந்து டயரை ஏக்கத்தோடு பார்த்தார், கல் மாதிரி இருந்தது. இருக்கையை ஆட்டிப் பார்த்தார். உலகத்தில் ஓர் ஆணிகூடத் தளர்வாக இல்லாத சைக்கிளைத் தன் தலையில் கட்டிய அந்தக் கடைக்காரரை மனதுக்குள் வாழ்த்தினார். பக்கத்தில் வந்த அண்ணன் மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். முன்னால் டாக்டரம்மாவின் ஒரு கால் தரையில் ஊன்றிவிட்டது. தோள் குலுங்கியது. இன்னும் அரை நிமிடத்தில் அவரே வேனைக் கேட்டுவிடுவார்.

வண்டியில் ரிப்பேர் செய்ய எதுவும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது ஓட்டுபவர்தான். முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாள்கூட உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுக்காத மனிதர், அதுவும் எவள் காதில் விழக் கூடாதோ அவள் காதில் விழும்படி, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா, ரெண்டு நிமிஷம் குடுங்க. முட்டி பிடிச்சுக்கிச்சு. வயசாகுதில்ல."

டாக்டரம்மா திரும்பினார். சைக்கிளை அப்படியே கிடத்திவிட்டு வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரைத்துக்கொண்டே, பல் என்றால் ஒரு கை பார்த்துவிடுவேன், முட்டிக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்லிச் சிரித்தார். அவர் காலையிலிருந்து சிரித்தது அப்போதுதான். கடைசிப் பெட்டி இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, நன்றாக முனகினார்.

அண்ணன் மகளுக்கு முகம் விழுந்துவிட்டது. சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று சொன்னவள் அவள்தான் என்றாலும், அதை அவர் வாயாலேயே கேட்டபோது தாங்கவில்லை. வேன்காரரைக் கூப்பிட போனை எடுத்துக்கொண்டே வந்து அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"எந்த முட்டி சித்தப்பா?"

அவர் கவனமெல்லாம் டாக்டரம்மாவின் மூச்சில் இருந்தது. சட்டென்று வலது காலை நீட்டினார்.

அவள் நீட்டிய காலைப் பார்த்தாள். அவருடைய கை இன்னும் இடது முழங்கால்மேல் இருந்ததைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி, தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவைப் பார்த்தாள். போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்து முழங்காலைப் பதமாக அமுக்க ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. எதிரே சுவரோரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அந்தத் தோள்களையே பார்த்துக்கொண்டு, அவை ஓயும்வரை அமுக்கினாள்.