அறுநூறு கிராம் குளிர்

புறங்கையைக் காரின் ஏசி துவாரத்தின் முன் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பது போல. வண்டிக்காரர் என்ன சொன்னாலும் அப்போது காதில் விழாது. கண் திறந்ததும், “இதுக்கு முன்னாடி யார் கை வச்சது?” என்று கேட்பார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் ஐஸ்காரர். தகரக் கூரை போட்ட கார் ஏசி பட்டறை. ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் அவர் பக்கம் திரும்பாது. ஊருக்கெல்லாம் குளிர் பங்கிடுபவரின் சட்டை காலை ஒன்பது மணிக்கே முதுகில் ஒட்டிவிடும். வரிசையில் முந்துவதற்காக யாராவது புகழ ஆரம்பித்தால், “வண்டிக்கு ஐஸ் வைக்கிறது என் வேலை. நீங்க எனக்கு வைக்காதீங்க” என்று வெட்டிவிடுவார்.

“கேஸ் அடிச்சு விடுங்க” என்று கேட்டால் மட்டும் மூக்கு விடைக்கும். “கேஸ் என்ன டீயா, குடிச்சுக் காலி பண்ண? எங்கயாவது ஓட்டை இருந்தாத்தான் குறையும்.”

போன சனிக்கிழமை என் காரை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அதில் ஒரு சத்தம். அது எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்பது அவர் கட்சி. அப்போது கேக் செய்து விற்கும் பெண் தன் பத்தொன்பது வயது பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தாள். நாலு மணிக்கு ஒரு கல்யாணம். மூன்றடுக்கு கேக், மேலெல்லாம் வெண்ணெய்க் கிரீம், ஒரு மணி நேரப் பயணம். பின்னால் வெயில் என்பதால் முன் சீட்டில்தான் கொண்டுபோக வேண்டும். போன வாரம் ஒரு பிறந்தநாள் கேக் அந்தச் சீட்டிலேயே உருகிச் சரிந்துவிட்டது.

“கேக் சரிஞ்சா கல்யாணம் நின்னுடாதும்மா.”

“கல்யாணம் நிக்காதுண்ணா. என் பொழப்பு நின்னுடும். இன்னைக்கும் சொதப்பினா எவன் என்னைக் கூப்பிடுவான்?”

அவர் பானெட்டைத் திறந்தார். முன்பக்கம் வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரில் சேறும் செத்த பூச்சிகளும் அப்பிக்கிடந்தன. மெல்லிய நீர்த்தாரையால் கழுவினார். ஹீட்டருக்குப் போகும் வெந்நீர்க் குழாயின் வால்வு மூடாமல் சிக்கியிருந்தது. “ஒரே ரூம்ல அடுப்பையும் பத்த வச்சு ஏசியையும் போட்டிருக்க” என்று குழாயைக் கிடுக்கி போட்டு இறுக்கினார். அப்படியும் துவாரத்தில் பதினாறு டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. அழுத்தமானியை மாட்டினார். இரண்டு முள்ளும் எகிறி நின்றன. திரும்பி அவளைப் பார்த்தார்.

“யார் கை வச்சது?”

அவள் செருப்பைப் பார்த்தாள். “நான்தான். கடையில கேஸ் டின் வாங்கி அடிச்சேன். குளிரலன்னு இன்னொண்ணு.”

“ஏற்கெனவே இருந்ததுக்கு மேலயா?”

இருந்த கேஸ் முழுவதையும் இயந்திரத்தில் உறிஞ்சி எடையைப் படித்தார். ஆயிரத்து ஐம்பது கிராம். பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் அளவு அறுநூறு என்று போட்டிருந்தது. “அளவு மீறினா அது குளிராது, திணறும். கேக்குல சோடா உப்பையும் இப்படித்தான் கொட்டுவியா?”

“ஐயோ, ஒரு சிட்டிகை கூடினாலே கசந்துடும்ணா!” சொன்ன வேகத்தில் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்ப நிரப்பும்போது இயந்திரத்தின் பக்கத்திலேயே குனிந்து நின்று எண்களை எண்ணினாள். “ஐநூத்தி எம்பது… தொண்ணூறு… போதும்ணா, நிறுத்துங்க!”

“தானா நிக்கும், பேசாம இரு. அந்த உள்காத்துப் பொத்தானை அழுத்து. வெளிக்காத்தை இழுத்து இழுத்து ஊரையே குளிர வைக்கப் பாக்குறியா?”

ஏழு டிகிரி. சாவியை வாங்கிக்கொண்டு பறந்தாள்.

மூன்று மணிக்கு முன்பே வண்டி மறுபடியும் பட்டறை வாசலில் நின்றது. “ஒரே ஒரு தடவை பாத்துடுங்கண்ணா.” முன் சீட்டில் உயரமான வெள்ளைப் பெட்டி, சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. ஐஸ்காரர் கதவைத் திறந்து, பெட்டியின் கண்ணாடித்தாள் வழியே எட்டிப் பார்த்தார். கிரீம் இதழ்கள் ஓரம் மழுங்காமல் நின்றன.

“பாத்தாச்சு. குளிர் வெளிய போகுது, கிளம்பு.”

அந்தப் பழைய கதவு ஓங்கி அறைந்தால்தான் பூட்டும். அவர் அறையவில்லை. கைப்பிடியைச் சற்றே தூக்கிப் பிடித்து, இடுப்பை முட்டுக்கொடுத்து, உள்ளே பச்சைக் குழந்தை தூங்குவதைப் போல, ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்.