சட்டைப் பையில் இருந்த புகார்

டில்லி சரோஜினி நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது எனக்குப் பதினொரு வயது. அரசுப் பள்ளியில் என் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் என்னை 'தேல் கீ துக்கான்' என்றுதான் கூப்பிடுவாள். எண்ணெய்க் கடை. அம்மா தினமும் தலைக்கு வைத்துவிடும் தேங்காயெண்ணெய்க்குக் கிடைத்த பட்டம். வகுப்பே சிரிக்கும். டீச்சரும் ஒருநாள் சிரித்தார். பட்டத்தோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். என் பின்னலை மைக்கூட்டில் முக்கினாள். தயிர்சாத டப்பாவில் சாக்பீஸ் தூளைக் கொட்டினாள்.

அப்பா ஓர் அமைச்சகத்தில் கிளார்க். எழுத்தில் இல்லாத எதுவும் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

"சும்மா அழுதா யாரு நம்புவா? தேதி போட்டு எழுதி வை. நான் வந்து பேசறேன்" என்றார்.

இரண்டு வாரம் ரஃப் நோட்டில் எழுதினேன். அவள் என் பின்னலைப் பிடித்து இழுக்கும்போதுகூட மணி என்ன என்று பார்த்துக்கொள்வேன். அவ்வளவு நம்பிக்கை. அதையெல்லாம் அப்பா இங்கிலீஷில் டைப் அடித்து, பத்திக்குப் பத்தி நம்பர் போட்டு, எனக்கு வாசித்துக் காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காகிதம் சட்டைப் பையில். அந்தப் பெண் தன் அப்பாவோடு உள்ளே வந்தாள். என் அப்பா விருட்டென்று எழுந்து நின்றார். வந்தவர் அவருடைய மேலதிகாரி. வருஷா வருஷம் அப்பாவைப் பற்றி ரகசிய அறிக்கை எழுதுகிறவர், அதை வைத்துத்தான் பிரமோஷன். அவளுடைய குடும்பப் பெயர் டில்லியில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு உண்டு. இவராக இருக்கும் என்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை.

குழந்தைகள் விளையாட்டுதானே என்று அந்த அதிகாரி ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். அப்பாவின் கை சட்டைப் பை வரைக்கும் போனது. பையைத் தடவிவிட்டு இறங்கிவிட்டது. எங்கள் பெண்தான் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி சார் என்று அப்பாவும் ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், "ஸாரி சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். எதற்கென்று இன்றைக்கும் தெரியாது. அவள் தன் பின்னலைத் தடவியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதவி, பிரமோஷன், பயம் எல்லாம் பிற்பாடு நானும் வேலைக்குப் போனபோது புரிந்தன. புரிந்ததே தவிர ஆறவில்லை. அவள் எனக்கு யாரோ. அவர் என் அப்பா.

மறுநாள் காலை அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இனிமே அவளுக்கு எண்ணெ வைக்காதே" என்றார்.