வெள்ளைக்காதி தின்ற பை

என் அண்ணிக்குத் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் புட்டி கழுவும் வேலை. பதினொரு வருடமாகக் கழுவுகிறாள். கழுவிக்கொண்டே அங்கே நடப்பதையெல்லாம் கண்ணால் கற்று வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி! வீட்டில் அவள் குட்டியிலிருந்து வளர்த்த முப்பது செம்மறிகள்.

அந்தக் கோடையில் மேய்ச்சல் நிலம் சருகாய்க் காய்ந்துவிட்டது. அண்ணன் ஒரு கட்டுப் புல் அறுத்துச் சோதனைக்குக் கொடுத்தான். சத்தே இல்லை என்று தாள் வந்தது. உடனே, வெள்ளிக்கிழமை வந்து ஆடுகளை ஏற்றிக்கொண்டு போகும்படி வியாபாரிக்குச் சொல்லிவிட்டான். அண்ணி அழுத அழுகையில் எனக்கு அவன் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க அறுத்ததையா ஆடு தின்னுது? மாடுன்னா நாக்கால வளைச்சு வாரும். ஆடு உதட்டால பொறுக்குங்க," என்றாள்.

"காஞ்ச காட்டுல பொறுக்க என்னடி இருக்கு?"

மறுநாளே லீவு போட்டாள். என்னையும் இழுத்துக்கொண்டு ஆடுகளின் பின்னால் கிளம்பினாள். வெள்ளைக்காதி என்ற கிழட்டு ஆடு எதைக் கடித்ததோ அதையே இவளும் சோதனைக்குக் கொடுக்கப் பறித்துப் பையில் போட்டாள். முள்ளுக்குள் ஒளிந்திருந்த தளிர், உதிர்ந்த காய், காய்ந்த புல்லின் அடியில் ஒட்டியிருந்த பச்சை. சாயங்காலம் பையை வேலியில் மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனோம். திரும்பி வந்தால், வெள்ளைக்காதி பையைக் கிழித்து மொத்தத்தையும் காலி செய்திருந்தது!

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அண்ணியோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"போனா போகுது விடு. வயித்துக்குள்ளதானே போயிருக்கு? புழுக்கைய வச்சே தின்னது எவ்வளவு சத்துன்னு எங்க ஆளுங்க சொல்லிடுவாங்க."

அடுத்த இரண்டு நாளும் ஆடுகளின் வாலைப் பார்த்தபடியே நடந்தாள். கைக்கு அகப்பட்ட டப்பாவில் புழுக்கைகளைச் சேர்த்தாள். அது அண்ணனின் சாப்பாட்டு டப்பா என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை லாரி வாசலில் நின்றது. அண்ணி ஒரு கையில் சோதனைக் கூடத்துத் தாள், மறு கையில் மிச்சப் புழுக்கை கிடந்த டப்பாவோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"நல்லாத்தான் தின்னுதுங்களாம்! அறுத்த புல்லை விட ரெண்டு மடங்கு சத்தாம்!"

அண்ணன் இரண்டு முறை படித்தான். டப்பாவை வாங்கித் திறந்து மோந்தான். அவன் முகம் போன போக்கை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். நேராக வியாபாரியிடம் போனான்.

"மன்னிச்சுக்கங்க, ஆடு விக்கல," என்றபடி டப்பாவை நீட்டினான். "வந்ததுக்கு இத வேணும்னா எடுத்துட்டுப் போங்க."