முதுகு தேய்த்த காசு

1858.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை. கார்தோமோ என்ற மனிதர் பத்தொன்பது வருடம் தேடிய எண் இது.

கார்தோமோ ஜாவாவில் சோலோ நகரத்தில் பேருந்து நடத்துநராக இருந்தவர். வேலை பார்த்த காலம் முழுவதும் ஜோக்ஜா போகிற தடம்தான். ஓய்வு பெற்றபோது சங்கம் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. அது ஓடவில்லை. அப்படி வாங்கியவர்களில் அதைப் பற்றிச் சங்கத்தில் வந்து சத்தம் போடாத ஒரே ஆள் அவர்தான். மனைவி இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள் கல்யாணமாகி பெக்காசியில் இருக்கிறாள். வீட்டில் அவரும், கூண்டில் ஒரு புறாவும், அலமாரியில் ஓர் ஆல்பமும் இருந்தன.

ஆல்பத்தில் பெங்கோல்கள். டச்சுக்காரன் காலத்து இரண்டரை சென் செம்புக் காசுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். சென் என்பது ரூப்பியாவில் நூறில் ஒரு பங்கு. உள்ளங்கையை நிறைக்கிற பெரிய காசு. டச்சுக்காரன் அதை எல்லா வருடமும் அடிக்கவில்லை. நினைத்தபோது அடித்தான், நினைத்தபோது விட்டான். கார்தோமோவின் கணக்குப்படி பதினாறு வருடத்துக் காசுகள் உண்டு. ஆல்பத்திலும் பதினாறு குழிகள். பதினைந்து நிரம்பிவிட்டன. 1858 மட்டும் காலி.

ஆரம்பம் ஓர் ஏமாற்று வேலை. சாயங்காலக் கூட்டத்தில் எவனோ ஒருவன் நூறு ரூப்பியாவுக்குப் பதில் ஒரு பெங்கோலை அவர் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். டிப்போவில் பையைக் கொட்டியபோதுதான் தெரிந்தது. நூறு ரூப்பியாவைச் சொந்தக் கையிலிருந்து போட்டார். காசைச் சாக்கடையில் எறியத்தான் எடுத்தார். கட்டைவிரல் விடவில்லை.

காசு சேர்ப்பது வேலையில்லாத பணக்காரனின் பொழுதுபோக்கு என்று பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரிவிண்டு சந்தைக்கு வந்து பார்க்கட்டும். அங்கே பூதக்கண்ணாடியோடு குந்தியிருக்கிறவர்களில் பள்ளிக்கூட வாத்தியார் இருப்பார், சோயாக்கட்டி விற்கிறவர் இருப்பார், ரிக்‌ஷா மிதிக்கிறவர் இருப்பார். தபால்தலை ஒருமுறை ஒட்டினால் அதன் வேலை முடிந்தது. காசு அப்படியா? உப்பு விற்றவளின் முந்தியில் இருந்திருக்கும். கரும்பாலைக் கூலியின் வேர்வையில் ஊறியிருக்கும். மேலே இருக்கிற மகுடம் எஜமானுடையது. தேய்மானம் நம்முடையது. கார்தோமோ இதை இப்படிச் சொல்லத் தெரிந்தவர் இல்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு காசை எடுத்து உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைப்பார். அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மேலெல்லாம் வலி, வயிறு உப்பல், ஏப்பம் வரவில்லை. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான், காற்று புகுந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் அவரைப் பின்தெருவில் இருந்த லாசியெமிடம் அனுப்பினார். லாசியெம் ஐம்பத்தைந்து தாண்டிய விதவை. எண்ணெய் தடவி, காசால் முதுகை வழித்து, காற்றை வெளியேற்றுவது அவள் தொழில். வாசல் கதவு எப்போதும் திறந்திருக்கும். முன்னறையில் ஒரு மூங்கில் கட்டில்.

"சட்டையக் கழட்டுங்க பாக். வெக்கப்பட என்ன இருக்கு? இந்தத் தெருவுல பாதி முதுக நான் பாத்தாச்சு."

எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆணைப் பாக் என்பார்கள், பெண்ணை இபு என்பார்கள். கார்தோமோ குப்புறப் படுத்தார். நடு முதுகிலிருந்து விலாவுக்குச் சாய்வாக, மீன்முள் மாதிரி, அவள் கோடு கோடாக வழித்துக்கொண்டே போனாள்.

"பாருங்க, தக்காளியா செவந்துருச்சு. எத்தன நாளா இந்தக் காத்த உள்ளயே வெச்சிருந்தீங்க?"

"சர்வீஸ்ல சேந்த நாள்லேந்து, இபு. பஸ் படியில நின்னு வாங்குன காத்து."

அவள் சிரித்தாள். ஏப்பம் வந்தது. கார்தோமோ எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தேடினார். அப்போதுதான் சாசரில், எண்ணெயில் கிடந்த காசைப் பார்த்தார். பெங்கோல். மகுடம் ஒரு மேடாக மட்டும் மிஞ்சியிருந்தது. எழுத்துகள் போய்விட்டன. வருடத்தில் ஒன்று தெரிந்தது, எட்டு தெரிந்தது, ஐந்து தெரிந்தது. கடைசி எண் ஆறாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். குனிந்து பார்ப்பதற்குள் அவள் காசைத் துடைத்து இடுப்புத்துணியில் செருகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் காசு வியாபாரி லியாங்கிடம் சொன்னார். சீனக்காரரான அவரை எல்லோரும் கோ, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆறா, எட்டா? கேட்டு வாங்கிப் பாத்தா என்ன, பாக் கார்தோமோ?"

"ஆசையக் காட்டுனா அவங்க ஒளிச்சு வெச்சிருவாங்க, கோ லியாங்."

"ஆமா, பெரிய வைரம். கழுவுன சோப்பு மாதிரி தேஞ்சு போனத எவன் வாங்குவான்? என் கடைக்குக் கொண்டு வந்தா எடைக்குத்தான் எடுப்பேன்."

உண்மையில் ஆசையை ஒளிப்பது பாதிக் காரணம்தான். முன்பின் தெரியாத பெண்ணிடம் ஒன்றைக் கேட்பதற்கு அவருக்குக் கூச்சம். ஆயிரம் பேரிடம் டிக்கெட் கேட்ட வாய்தான் அது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு மறுபடியும் காற்று புகுந்தது. அதற்கடுத்த வெள்ளியும். ஒவ்வொரு முறையும் படுப்பதற்கு முன் சாசரை ஓரக்கண்ணால் பார்ப்பார். ஒருநாள் ஆறு மாதிரி இருக்கும், ஒருநாள் எட்டு மாதிரி இருக்கும். எண்ணெயும் வெளிச்சமும் சேர்ந்து விளையாடின.

"முதுக வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்றார் லியாங்.

வெறுமனே படுத்திருக்க முடியாது. பேச வேண்டியிருந்தது. அவள் இறந்துபோன புருஷனைப் பற்றிச் சொன்னாள். கிணறு வெட்டுகிறவர். க்ளாத்தென் பக்கம் ஒரு கிணற்றில் இந்தக் காசு மண்வெட்டியில் சிக்கியது. வெட்டிய கூலியைச் சூதாட்டத்தில் விட்டுவிட்டு, காசை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "அந்தாளு எனக்குக் குடுத்த ஒரே நக அதுதான்" என்றாள். கார்தோமோ ஓடும் பேருந்தில் பிறந்த குழந்தையைப் பற்றிச் சொன்னார். அதற்கு டிரைவர் பெயரை வைத்தார்கள், தன் பெயரை வைக்கவில்லை என்பது இன்றுவரை அவருக்குக் குறை. வருகிற வழியில் செராபி அப்பம் வாங்கி வர ஆரம்பித்தார். அவள் இஞ்சித் தண்ணீர் போட்டு வைத்திருக்க ஆரம்பித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது தெருமுனையில் நின்றுவிட்டார். அன்றைக்குக் காசைப் பார்க்கவே மறந்திருந்தார்.

அதற்கடுத்த வாரம் அவள் பாதி முதுகில் கையை நிறுத்தினாள்.

"பாக் கார்தோமோ, ஒண்ணு கேக்கவா? உங்க உடம்புல காத்தே இல்ல."

அவர் முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டார்.

"காத்து இருந்தா கோடு கருஞ்செவப்பா ஏறும். மொத தடவ ஏறுச்சு. அப்புறம் வெறும் ரோசு. குழந்த முதுகு மாதிரி. ரெண்டாவது தடவையே எனக்குத் தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, இபு."

"சொன்னா வரமாட்டீங்களே."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எந்தப் பேச்சுவார்த்தையிலும் எதிர்ப்பக்கம் இவ்வளவு இறங்கி வந்த பிறகு நாம் பேசக் கூடாது. கார்தோமோவுக்கு அது தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து, உள்ளதைச் சொன்னார்.

"அந்தக் காசு. அதோட வருசத்தப் பாக்கத்தான் வந்தேன்."

லாசியெம் கையை மெதுவாகத் துடைத்துக்கொண்டாள். காசையும் துடைத்தாள். அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"பாருங்க."

வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எட்டு. சந்தேகமே இல்லை. பத்தொன்பது வருடத்துக் காலிக் குழி கையில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். சந்தோஷப்பட முடியவில்லை.

மறு வெள்ளி, ஆல்பத்திலேயே அழகான காசை எடுத்துக்கொண்டு போனார். 1945. யார் கையிலும் புழங்காத காசு, எழுத்தெல்லாம் கத்தி மாதிரி. மாற்றிக்கொள்ளலாம், தொழிலும் கெடாது என்று அவர் நினைப்பு. நியாயமான பேரம்தான்.

"வழிச்சுப் பாத்துரலாம்" என்றாள்.

எண்ணெய் தொட்டு அவர் தோளில் இரண்டு கோடு இழுத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது கோட்டில் ரத்தம் துளிர்த்தது.

"இதுக்கு இன்னும் பல்லு இருக்கு பாக். முதுகு கேக்குறது கெழட்டுக் காச." அவள் பஞ்சை ஒற்றினாள். பிறகு இடுப்பிலிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. இதுக்குத்தானே வந்தீங்க. எனக்கு வேற ஏதாவது கெடைக்கும்."

கையை நீட்டினால் போதும். கார்தோமோவால் முடியவில்லை. வாசலில் ஒரு பெண் தன் கைக்குழந்தையோடு முறைக்குக் காத்திருந்தாள். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பிறகு அவர் அங்கே போகவில்லை. சந்தைக்கும் போகவில்லை. ஒரு மாதம் போனது. ஒருநாள் காலை லாசியெம் குடையோடு அவர் வாசலில் நின்றாள்.

"நெசமாவே காத்து புடிச்சிருச்சோன்னு பாக்க வந்தேன்."

அவர் தேநீர் போட்டார். சர்க்கரை அதிகமாகிவிட்டது. அவள் ஆல்பத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பக்கத்தைத் திருப்பினார். அவள் ஒவ்வொரு காசாகப் பார்த்தாள். காலிக் குழி வந்ததும் கேட்கவில்லை, சொல்லவில்லை, இடுப்பிலிருந்து காசை எடுத்து அதில் வைத்து அழுத்தினாள். சரியாகப் பொருந்தியது. பதினைந்து பேர் உடுத்திக்கொண்டு நிற்கிற கல்யாணப் படத்தில் வேலை செய்த கையோடு வந்து நின்ற ஒருத்தி மாதிரி இருந்தது.

கார்தோமோ குழிகளை ஒன்றிலிருந்து பதினாறு வரை விரலால் தொட்டு எண்ணினார்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"இனி என்ன?"

"ஒண்ணுமில்ல." சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் அளவு அவருக்கே தெரிந்தது. தேட ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை போவதற்கு ஒரு காரணமுமில்லை.

நகத்தால் நெம்பி காசை வெளியே எடுத்தார். அவள் கையில் வைத்து விரல்களை மூடினார். அதுவரை அவர் அவள் கையைத் தொட்டதில்லை. ஒவ்வொரு வாரமும் அவள்தான் அவர் முதுகைத் தொட்டாள்.

"வெள்ளிக்கெழம எனக்குக் காத்து புடிக்கும், இபு."

"புடிக்கும், புடிக்கும்" என்றாள் லாசியெம். "வாராவாரம் வந்து போறதுக்கு ஒரேயடியா அங்கயே இருந்துட்டா செருப்பாவது மிச்சம்."

தெருவில் பேசினார்கள். இந்த வயதில் கல்யாணமா என்றார்கள். பேசட்டும். மகள் போனில் கொஞ்சம் அழுதாள், பிறகு அப்பாவுக்கு என்ன நிறச் சட்டை எடுப்பது என்று கேட்டாள். லியாங் மட்டும்தான் உண்மையான கேள்வியைக் கேட்டார், அதுவும் கார்தோமோ ஆல்பத்திலிருந்து காசுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவதைப் பார்த்த பிறகு.

"பதினஞ்சையும் அவங்களுக்குக் குடுத்துட்டா உங்க ஆல்பத்துல என்ன இருக்கும்?"

"குழி இருக்கும்."

"அத வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"அடுத்தாப்புல ஒரு சென் காசு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். உங்ககிட்ட பழசு ஏதாச்சும் இருக்கா?"

நிக்காஹ் அன்று பதிவு அலுவலகத்தில் சின்ன வயது அதிகாரி ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்தார். லாசியெமைக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பாளராக க்ளாத்தெனிலிருந்து அவள் அண்ணன் வந்திருந்தார். மணப்பெண்ணுக்குக் கொடுக்கிற மஹர் என்ன என்று அதிகாரி கேட்டார். கார்தோமோ துணிப்பையை அவிழ்த்துக் காசுகளை மேசையில் வரிசையாக வைத்தார்.

"ஓ, பழைய காசா? இப்ப பசங்கல்லாம் இதத்தான் பண்றாங்க. கல்யாணத் தேதிக்குச் சரியா வர்ற மாதிரி காசு வாங்கிக் கண்ணாடிச் சட்டத்துல ஒட்டிக் கொண்டு வருவாங்க. இது எந்தத் தேதிக் கணக்கு பாக்?"

"தேதிக் கணக்கு இல்ல தம்பி. இருக்கறது இவ்வளவுதான்."

"ஒரு மோதிரமாவது போட்டிருக்கலாம்" என்று அண்ணன் முணுமுணுத்தார்.

அதிகாரி மணப்பெண்ணிடம் திரும்பினார். "கடையில செல்லாத காசு, இபு. உங்களுக்குச் சம்மதமா?"

"எனக்குச் செல்லும்" என்றாள் லாசியெம்.

அதிகாரி காசுகளை எண்ணி, இரண்டரையால் பெருக்கி, எழுதி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். மணமகன் மணமகளுக்கு ரொக்கமாகக் கொடுத்த மஹர், முப்பத்தேழரை சென்.