ஏணிக்கு மேலே ஒரு வீடு

தாராவியில் ஒரு போராட்டப் பந்தலின் அன்றாட வாழ்க்கையை ஆவணப்படமாக எடுக்கப்போகிறேன் என்று சொன்னதும் நான் குடியிருக்கும் மாட்டுங்காவில் நண்பர்கள் மெச்சிக்கொண்டார்கள். பக்கத்திலேயே இருக்கிற அந்த இடத்துக்கு அதுவரை நான் தோல் பெல்ட் வாங்கத்தான் போயிருந்தேன். படமெடுக்க அது போதாதா?

பந்தலின் கோரிக்கை எளிது. பழைய வீடுகளை இடித்துப் புதுக் கட்டடம் கட்டும்போது, ஏணி வைத்து ஏறும் மேல்வீட்டுக்காரர்களுக்கும் அங்கேயே வீடு வேண்டும். அங்கே தினமும் வந்து உட்கார்ந்த அக்கா ஒருவர் அப்படி மேல்வீட்டில் இருந்தவர். கீழே அவருடைய அண்ணனின் பை தைக்கும் காரகானா. மேலே ஒற்றை அறையில் அவரும் இரண்டு மகள்களும்.

பதினோரு நாள் அந்த அறையிலேயே கிடந்தேன். அவர் ஒரு கையில் குடத்தோடு, மறு கையால் மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்து ஏணி ஏறுவார். துணி காயப்போடுவார். சாளை மீன் கழுவுவார்.

"இதயுமா படம் புடிக்கிய? நான் கொழம்பு வைக்கத எவன் தம்பி பாப்பான்?"

"இதுதான் அக்கா வாழ்க்கை" என்றேன். எனக்கே புல்லரித்தது.

அதுவரை எடுத்ததைப் பார்த்த, படத்துக்குப் பணம் கொடுத்த பெரிய மனிதர்கள் கோபம் போதவில்லை என்றார்கள். மீன் குழம்பில் கோபத்துக்கு எங்கே போவது? அக்காவைப் பந்தலுக்கு வெளியே வெயிலில் நிறுத்திக் கோஷம் போடச் சொன்னேன். மூன்றாவது டேக்கில்தான் இயல்பாக வந்தது. ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டதால் ஏணியையும் துணியையும் மீனையும் அழித்தேன்.

படம் நாலு இடத்தில் ஓடியது. நான் கதர் ஜிப்பா போட்டுக்கொண்டு எளிய மனிதர்களைப் பற்றி மைக்கில் உருகினேன்.

அடுத்த வருஷம் வீடு கணக்கெடுக்க வந்தவர்கள், போன வருஷமே மேலே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். கரண்ட் பில் அண்ணன் பெயரில் இருந்தது. அக்கா பதறவே இல்லை. நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"பதினோரு நாளு எடுத்தியல்லா, அத பென்டிரைவ்ல போட்டுத் தாங்க தம்பி. கணக்கெடுக்க வந்த சாப் லோக்குட்ட காட்டணும்."

லேப்டாப்பில் படத்தை ஓடவிட்டேன். வேறு என்ன இருந்தது என்னிடம்? திரையில் அவர் கையை உயர்த்தி முழங்கினார். வெளிச்சமெல்லாம் பிரமாதம். கடைசி வரை பொறுமையாகப் பார்த்தார்.

"இது பந்தலு. வீடு எப்ப வரும்?"

வராது என்றேன். அழித்துவிட்டதையும் சொன்னேன். அவமானமாக இருந்தது. அவர் திட்டியிருக்கலாம். கோபம் கேட்டவர்களுக்குக் காட்ட ஏதாவது கிடைத்திருக்கும்.

அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

"சரி, விடுங்க. நாளைக்கு வந்து இன்னொரு தடவ எடுங்க தம்பி. அதே மீனு வாங்கி வைக்கேன்."

கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்டது போன வருஷத்து மீனை.